பாகுநிலை

ஐம்பது டிகிரித் தொட்டிக்குள் கண்ணாடிக் குழாய்.
ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குக்
கப்பல் எண்ணெய் போய்ச்சேரும் நேரத்தை
விநாடிமானியில் பிடிப்பது என் வேலை.
ஜூரோங் தீவு, இரவு ஷிப்ட்.
கரையில் கப்பல் காத்திருக்கும்.
எண்ணெய்க்கு அது தெரியாது.

எச்சரிக்கைப் பலகையில் நான்கு மொழிக்குக் கட்டம்.
தமிழ்க்கட்டம் காலி.
ஆங்கிலத்தில் விஸ்காசிட்டி.
அகராதி பாகுநிலை என்றது.
எழுதி ஒட்டினேன்.

வால்வு திறக்க வந்த சேவுகன்
அதன் முன் கொஞ்ச நேரம் நின்றான்.
"அக்கா, தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே."

ஹஃபீஸா கைபேசியில் தேடிச் சொன்னாள்:
லத்தீனில் விஸ்கும் என்றால் புல்லுருவி.
பழத்தை நசுக்கிப் பசையாக்கி
கிளையில் பூசிக் குருவி பிடித்தார்களாம்.
பத்து வருடமாக நான் அளக்கும் சொல்லுக்குள்
ஒரு கால் மாட்டியிருக்கிறது,
இறக்கை மட்டும் வெளியே.

பேருந்து நிறுத்தத்துத் தூங்குமூஞ்சி மரத்திலும்
புல்லுருவி உண்டு.
மரத்தின் சொந்த இலை என்றே நினைத்திருந்தேன்.
கட்டைவிரல் அளவு பூக்கொத்தி,
முதுகெல்லாம் சிவப்பு,
பழம் தின்று முடித்துக்
கிளையில் பின்புறத்தைத் தேய் தேய் என்று தேய்த்தது.
விதை நூலிழுத்து ஒட்டிக்கொண்டது.
குருவி போய்விட்டது.

நம் சொல்லில் பறவை இல்லை.
பாகு அடுப்பிலிருந்து வந்தது,
நளபாகத்துக்குத் தூரத்துச் சொந்தம்.
தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்போம்,
இரு விரலிடையே கம்பி வருகிறதா என்று பார்ப்போம்.
தொட்டுத்தான் அளந்திருக்கிறோம்.
இதைத் தொட்டால்
தோல் அதோடு போகும்.
பாகு என்று படித்ததும் விரல் நீண்டுவிட்டால்?

சேவுகனையே கேட்டேன், நீங்கள் என்ன சொல்வீர்கள்?
கையுறையோடு மோவாயைச் சொறிந்தான்.
"சூடு காட்டினா ஓடும். ஆறிப்போனா முறுக்கிக்கும்.
எங்க செட்டுல இதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு."

பலகையில் பாகுநிலைதான் இருக்கிறது.
மேலாளருக்குத் தமிழ் தெரியாது, ஒப்புதல் ஆகிவிட்டது.
அடியில் சிவப்புப் பேனாவால்
கை வைக்காதே என்று நானே சேர்த்தேன்.

இன்றைய அளவு முந்நூற்று எழுபத்தொன்று.
கப்பல் போகலாம்.
குழாயைக் கவிழ்த்துக் காத்திருக்கிறேன்.
கடைசிச் சொட்டு
முனையில் நிற்கிறது,
மாப்பிள்ளை.