கட்டு நீட்டாமல்

சித்திரை மாதம், இரவு பத்தரை.
தாசில்தார் கொத்தமல்லியைப் பார்த்து
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்பது வருடத்தில் இது நடந்ததில்லை.
கட்டு நீட்டாமல் ஒரு காரியமும் ஆகாது அவரிடம்,
அதனால்தான் அந்தப் பெயர்.

காதைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.
வெளியே அம்மாப்பேட்டை
இரவிலும் சூடாறாத இட்லிப்பானை.

நீயும் நானும் பேசி அன்றோடு பதினோரு நாள்.
உன் தம்பியின் கடனுக்கு
என்னைக் கேட்காமல் நீ போட்ட ஜாமீன் கையெழுத்து
வீட்டின் நடுவில்
நான்காவது ஆளாகப் படுத்திருந்தது.

“வண்டிய எடு.”
சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.
நீ எடுத்தாய்.

ஐந்து ரோடு தாண்டி, பாதி இறக்கிய ஷட்டருக்குள்
டாக்டர் ஜெசிந்தா அவர் வயிற்றில் குழாய் வைத்து
நெடுநேரம் கேட்டார்.
“குடல் நின்னுபோச்சு. ஒண்ணும் ஓடல.
வயசும் ஆயிடுச்சு, பாருங்க.”
அந்தப் ‘பாருங்க’வை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியிலிருந்த துண்டுக்குள்
அவரோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டேன்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை
தீவனத்தூள் கரைத்து, பரங்கிக்காய் மசித்து,
ஊசி கழற்றிய சிரிஞ்சில் பத்து மில்லி.
கைக்குழந்தைகளுக்கான வாயுச் சொட்டு மருந்து.
ஊரே ஏசிக்கு அலையும் மாதத்தில்
அவருக்கு மட்டும் வெந்நீர்ப் பாட்டில்.
தோளுக்குப் பின்னால் தோலைக் கூடாரமாகத் தூக்கி
சலைன் ஏற்ற வேண்டும். எனக்குக் கை நடுங்கியது.
நீ ஏற்றினாய்.

முயலைப் பிடிக்க இரண்டு கை,
ஊட்ட இரண்டு கை.
பேச்சு தேவைப்பட்டது. எண்களாக வந்தது.
“ஆறு.”
“துப்பிட்டார். நாலுன்னு வை.”
“மணி?”
“ரெண்டே கால்.”

பல்லை நறநறவென்று கடித்தார்.
வலி என்று அர்த்தமாம்.
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் இரவு கரண்ட் போனது.
பக்கத்துத் தெரு விசைத்தறிகள் எல்லாம்
ஒரே மூச்சில் நின்றன.
அந்த அமைதியை வீணாக்காமல் நீ குனிந்து
அவர் வயிற்றில் காது வைத்தாய்.
“என்ன கேக்குது?”
“தெரியல. தறி நின்ன பிறகும்
என் காதுல ஓடிக்கிட்டே இருக்கு.”
நானும் குனிந்தேன்.
எனக்கும் தறிதான்.

மூன்றாம் நாள் விடிகாலை
விரித்திருந்த நாளிதழில்
வெள்ளி கிலோ விலைக்கு மேல்
ஒன்று கிடந்தது.
மிளகைவிடச் சிறிது. கோணல். காய்ந்தது.
“போட்டுட்டார்!”
நான் கத்தியதில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.
வாயில் பிரஷோடு ஓடிவந்தாய், மண்டியிட்டாய்.
“இன்னொண்ணு இருக்கு.”
“அது அச்சு மை.”
“மை உருளுமா?”
உருட்டிப் பார்த்தோம்.
உருண்டது.

அதற்கப்புறம் தாசில்தார் ஒரு தழையை இழுத்தார்.
ஒரே ஒரு தழை.
கோப்பு ஒன்றை நகர்த்துகிற சலிப்போடு
மென்றார்.

டீ போட்டேன்.
இரண்டாம் மிடறில் கேட்டேன்,
“எவ்ளோவுக்கு போட்ட கையெழுத்து?”
தொகையைச் சொன்னாய்.
விட்ட இடத்திலிருந்து தொடங்கியது சண்டை,
இம்முறை சத்தமாக.
உன் தம்பி, என் வளையல், உன் அம்மாவின் மௌனம்,
எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஃபிரிட்ஜ்.

கட்டிலுக்கு அடியிலிருந்து
பின்னங்காலால் தரையில் ஓங்கி ஓர் உதை.
பலமில்லை. ஆனால் உதைதான்.
இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

அடுத்த வேளை ஒன்பது மணிக்கு.
பரங்கிக்காய் தீர்ந்திருந்தது.
நீ பையை எடுத்துக்கொண்டு
உழவர் சந்தைக்குக் கிளம்பினாய்.

“மல்லி ரெண்டு கட்டு,” என்றேன்,
உன் முகத்தைப் பார்த்து.