பட்டியலில் இல்லாதது

காவேரிப்பட்டணம் ரோட்டில் ஒரு எடைமேடை.
இரவுப் பணி என்னுடையது.
இரண்டு லாரிகளுக்கு நடுவே சில நாள் ஐந்து நிமிடம்,
சில நாள் ஒன்றரை மணி நேரம்.
அதற்குள் அடங்குகிற ஆட்டம்தான்
என் கணக்கில் நல்ல ஆட்டம்.

ஹார்ன் கேட்டால் எழுந்துவிடுவேன்.
திரும்பி வருவதற்குள் கோபித்துக்கொண்டு
உயிர் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும் ஆட்டத்தை
அன்றைக்கே அழித்துவிடுவேன்.
கடிகாரம் வைத்தது எதுவும் எனக்கு ஆகாது.
நேரத்தை அச்சடித்துத் தருவதுதான் பிழைப்பே,
சீட்டின் மேல் மூலையில், வினாடி உட்பட.

மூன்று மிட்டாய் சேர்ந்தால் வெடிக்கும் ஆட்டம்
முப்பதாம் கட்டம் வரை சிரிக்கும்,
முப்பத்தொன்றில் காசு கேட்கும்.
பகல் பணி ஜெயவேலு அதில்
நானூற்றுப் பன்னிரண்டில் இருக்கிறான்.
இருக்கட்டும்.

என்னுடையது பொருள் தேடுவது.
ஒரு பாழடைந்த மாளிகை, காணாமல் போன சீமாட்டி.
நூறு வருடமாக யாரும் பெருக்காத வீடு:
அடுப்புக்குள் வயலின், பியானோ மேல் மண்வெட்டி.
கதையை நான் படிப்பதில்லை.
கொன்றது தம்பி. எப்போதும் தம்பிதான்.

பட்டியலில் 'பேட்' என்று வந்தால்
வௌவாலா மட்டையா என்று இரண்டையும் தட்டிப் பார்ப்பேன்.
'ஸன்டயல்', 'மோனக்கிள்' எல்லாம்
இந்த மேசையில் கற்றவை.
நேரில் பர்கூருக்கு அப்பாலும் பார்த்ததில்லை,
பர்கூரிலும் பார்த்ததில்லை.

சாவியைச் சுவரின் நிறத்திலேயே வரைந்து மறைப்பது
திறமை இல்லை, களவாணித்தனம்.
முழுசாகக் கண் முன்னே வைக்க வேண்டும்,
நாம் பார்க்காமல் போக வேண்டும்.
அப்படி வரைந்தவன் கிடைத்தால்
ஒரு டீ வாங்கித் தருவேன்.

போன ஆனியில் ஒரு நாள், இரண்டு மணி இருபது.
பெங்களூரா ஏற்றிய வண்டி, கூழ் ஆலைக்கு.
சென்றாயன் இறங்கி வந்து என் ஜன்னலில் நின்று
வெயிலைப் பற்றிப் பேசினான்,
அந்த நேரத்தில், வெயிலைப் பற்றி.
திரையில் ஒன்பதாயிரத்து எழுநூற்று நாற்பது.
கேமராவைப் பார்த்தேன்.
தார்ப்பாய். கயிறு. வைக்கோல்.
வைக்கோலில் ஒரு செருப்பு.

செருப்பு இருந்தால் கால் இருக்கும்.

பாரம் நிறைந்த எடைக்கு ஏறிப் படுக்க வேண்டும்,
காலி எடைக்கு இறங்கி டீக்கடையில் நிற்க வேண்டும்:
அதுதான் அந்தப் பையனுக்கு வேலை.
தன் எடையளவு மாங்காயாக அவன் விலை போவான்.

ஆட்டத்தில் கண்டுபிடித்த பொருள்
மினுங்கும், ஒரு சுற்றுச் சுற்றும், மறைந்துவிடும்.
எங்கே போகிறதென்று நானும் கேட்டதில்லை.
இவன் மறையவில்லை.
டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தான்,
கன்னத்தில் மாங்காய்ப் பால் பட்டு வெந்த கறுப்பு.
"இறங்கட்டுமா சார்?"

இறங்கினான். ஒன்பதாயிரத்து எழுநூறு.
நாற்பது கிலோ. மேடைக்குப்
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்,
முப்பத்தாறாகவும் இருக்கலாம்.
சரியான எடையை அச்சடித்தேன்.
கட்டணம் அறுபது ரூபாய், சில்லறையாகத் தந்தான்.

பட்டியலில் இல்லாததைத் தொட்டால்
ஆட்டம் தண்டனை போடும்:
கொஞ்ச நேரம் சுட்டி நகராது.
அந்த விதியை முன்பெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டுவேன்.
பையனின் பிடரியில் சென்றாயன் ஒன்று வைத்ததும்
இன்னொன்று வைத்ததும்
ஜன்னல் வழியே நன்றாகத் தெரிந்தது.
என் கை மேசை மேலேயே இருந்தது.

சென்றாயன் இப்போது வேறு மேடைக்குப் போகிறான்.
அங்கே கேமரா இல்லை என்கிறார்கள்.

புதிதாக ஒன்று இறக்கியிருக்கிறேன்.
கலங்கரை விளக்கம், மழை, காணாமல் போன மீனவன்.
குறிப்புப் பொத்தான் நிரம்ப ஒரு நிமிடம், அது அதிகம்.
படம் நன்றாக வரைந்திருக்கிறார்கள், கடிகாரம் இல்லை.
படகுக் கொட்டகையில் வலைக்கு அடியில்
ஒரு ஷூ கிடக்கிறது, சின்னது.
பட்டியலை மூன்று முறை படித்துவிட்டேன்.
இன்னும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறேன்.