செயல்பாடு மூன்று

வட்டார வள மையத்திலிருந்து
ஆட்டோவில் வந்தது அட்டைப்பெட்டி.
சமத்துவக் கையேடு இரண்டு, பயிற்சித்தாள் ஒரு கட்டு,
கைகோத்து நிற்கும் குழந்தைகளின் சார்ட்.
எல்லாருக்கும் ஒரே கன்னம், ஒரே சிரிப்பு.
பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.
ஹெச்.எம். மேசையின் கீழ் இழுப்பறையில்
போன வாரம் கத்தரித்த கைக்கயிறுகள்
நிறம் பிரிக்காமல் கிடந்தன.

செயல்பாடு மூன்று: உன் ஊரை வரை.
ஒன்பதாம் வகுப்பு பி. நாற்பத்தொரு தாள்.
எல்லாவற்றையும் தரையில் சேர்த்து வைத்தால்
ஒரே ஊர் வருமாம்.

வரவில்லை.
ஆறு மட்டும் எல்லாத் தாளிலும் நீலமாய் ஓடியது,
அதுவும் வேறு வேறு படித்துறையோடு.
வடக்குத் தெருப் பையன்கள்
கோயில், ரைஸ்மில், செல்போன் டவர்,
முக்கூடல் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போட்டு
வாய்க்காலோடு ஊரை முடித்திருந்தார்கள்.
அந்தப் பக்கம் வெறும் தாள்.
ஒருவன் அதில் வாழை வைத்திருந்தான்.

கீழத்தெரு பேச்சிராணி
எங்கள் தெருவில் ஒரு வீடு விடவில்லை.
ஆனால் எல்லாமே பின்பக்கம்:
தொழுவம், துவைகல், எருக்குழி,
கொடியில் காயும் வேட்டி,
புழக்கடைக் கதவின் தாழ்ப்பாள்கூட.

ஆறாவது வீட்டில் கொய்யாமரம்.
முறிந்த கிளைக்கு முட்டுக்கொடுத்த மூங்கில்;
ஐப்பசி மழையில் நான் கொடுத்ததுதான்.
மரத்தின் கவட்டையில் செருகிய
எவர்சில்வர் டம்ளர்.
அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.
தெரியும்.

"லீவு நாள்ல எங்கம்மைகூட
சாணி வழிக்க வருவம்லா, சார்.
ஒங்க வீட்டு முன்வாசல் எப்பிடி இருக்கும்?
சொன்னீங்கன்னா அதையும் போட்டிருவேன்."
பென்சிலைச் சீவித் தயாராய் வைத்திருந்தாள்.
கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை,
படம் குறையாக நிற்கிறதே என்கிற கவலைதான்.

பெல் அடிக்கவில்லை.
இன்னும் இருபது நிமிஷம் கிடந்தது.
பதினெட்டு வருஷமாய்
அட்சரேகையும் தீர்க்கரேகையும் நடத்துகிறவன்
"தெற்கே பார்த்த வாசல்" என்றேன்,
அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

ஆசிரியரும் வரைய வேண்டும் என்று
கையேட்டில் ஒரு வரி இருந்தது.
வரைந்திருந்தேன்.
யாரும் தரைக்குக் கேட்கும் முன்
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்,
வாய்க்கால் வரைக்கும் வந்து
நின்றுபோன ஊரை.