பதினைந்தாம் எண்ணுக்கு முப்பத்தொன்று

உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப் பேக்கரியில்
நேற்றும் அதே வழக்கு.
சென்னியப்பனா, ரித்தீஷா?

எழுபத்தொன்பது இறுதியாட்டத்தில்
முப்பத்தொன்று போட்டவன் ஒரு பக்கம்.
போன வாரம் நாற்பத்தாறு போட்டவன் மறு பக்கம்.
நடுவில் தேங்காய் பன்,
ஆடை படிந்த டீ,
கடைசிப் பேருந்தை விட்டுவிட்ட நாலு பேர்.

"ஏனுங்க, அப்ப மூணு பாயிண்ட் கோடே இல்லீங்க.
நடுக்கோட்டுல நின்னு போட்டாலும் ரெண்டுதானுங்க."
"இருக்கட்டுமுங்க. இவனெ மறிக்கறவன் ஆறரை அடி.
அவனெ மறிச்சவன்
மில்லுல ராத்திரி ஷிப்ட் முடிச்சு
தலையெல்லாம் பஞ்சோட வந்தவன்."

இரண்டும் சரிதான்.
பலகையில் இடமிருந்து மூன்றாவது சட்டம் செத்த சட்டம்,
பட்டால் பந்து தொப்பென்று விழும்;
அதில் படாமல் போடுவதற்கே
சென்னியப்பன் ஒரு கோடை முழுக்கச் செலவழித்தான்.
ரித்தீஷுக்குக் கண்ணாடிப் பலகை.
எங்கே பட்டாலும் ஒரே குணம்.

அப்புறம் காற்று.
வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வாய் திறந்தால்
திறந்தவெளி மைதானத்தில் யார் எறிந்தாலும் கோணல்.
சென்னியப்பன் வளையத்தைப் பார்த்து எறியமாட்டான்.
ஒரு முழம் மேற்கே, வெறும் வானத்துக்கு எறிவான்.
மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.
ரித்தீஷ் கூரைக்குக் கீழே ஆடுகிறான்.
அவனைக் காற்றில் நிறுத்திப் பார்க்க வழியில்லை,
இவனைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கவும்.

நான் பேசவில்லை.
அந்த முப்பத்தொன்று என் பேனாவிலிருந்து வந்தது.

இரண்டாம் பாதி, பதினோராம் நிமிடம்.
ஸ்கோர் ஷீட்டின் மேல் கல் வைத்திருந்தேன்.
கல் அசையவில்லை,
அடியிலிருந்த கார்பன் தாளை மட்டும்
காற்று உருவிக்கொண்டு போனது.
எழுந்து ஓடினேன்.
முதுகுக்குப் பின்னால் ஊரே கத்தியது.
திரும்பி வந்து, "யாரு?" என்றேன்.
கடிகாரம் பிடித்தவன் "அஞ்சு" என்றானா,
"பதினஞ்சு" என்றானா,
சொல்லின் முன்பாதி போயிருந்தது.

ஐந்து என்று எழுதினேன்.

ஐந்து, மாரப்பன்.
அந்த ஆட்டம் முழுக்க அவன் பெயருக்கு
அந்த ஒரே கூடைதான்.

சென்னியப்பன் தாராபுரத்தில் தீவனக் கடை வைத்திருக்கிறான்.
ஒருமுறை கேட்டேன், அன்று எத்தனை போட்டாய் என்று.
தவிட்டு மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டே,
"ஒரு பாயிண்டுல தோத்தமுங்களே" என்றான்.
அவனிடம் இருக்கும் எண் அது மட்டும்தான்.

இப்போது ஒரு பெண் திரையைத் தட்டித் தட்டி எழுதுகிறாள்.
எங்கிருந்து எறிந்தான், எந்த நொடி, எந்தக் கை,
எல்லாம் ஏறிவிடுகிறது.
கல் வேண்டியதில்லை.

"நீங்க சொல்லுங்க சார், ஷீட் எழுதுனவரு நீங்கதானே?"
பேக்கரிப் பையன் கேட்டுவிட்டான்.
முப்பத்தொன்றா, முப்பத்துமூன்றா என்று
நாக்கு நுனிவரை வந்தது.

அதற்குள் மாரப்பன்
(ஆமாம், அந்த நாலு பேரில் ஒருவர்)
"நானும் அன்னைக்கு ஒண்ணு போட்டேனுங்க,
ஷீட்டுல இருக்குதுங்க" என்றார்.
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்,
கொஞ்சம் கூடுதலாகவே.

பிறகு பன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
பெரிய துண்டு அதில்தான் இருந்தது.