பத்துக் கிலோவுக்குக் கீழே

கோபாலபுரம் சாவடிக்கு நானூறு மீட்டர் முன்னால்
எங்கள் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் நம்பாது.
கைக்குழந்தையைக் கிடத்தினால்
பூஜ்யம் என்று காட்டும்.

ஆடியில் கணவாய்க் காற்று
மேடைமேல் ஏறி நின்றுகொள்ளும்.
சிவப்பு எண்கள் இருபது, பத்து, இருபது என்று துடிக்கும்.
பொறுமைக்காரர்கள் காற்று இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள்.
மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

போன வியாழக்கிழமை
தேங்காய் லாரிக்கும் தக்காளி வண்டிக்கும் நடுவே
மேசையில் தலை சாய்த்தேன்.
மேடை முழுக்கத் தண்ணீர்.
மூன்று வருடமாக ஆழ்துளைக் கிணறுகள் புழுதி துப்பும் ஊரில்
கரை தெரியாத தண்ணீர்.
அக்கரையில் எனக்கு ஒரு வேலை இருந்தது.
என்ன வேலை என்பது
அங்கே இருக்கும்போது தெரிந்திருந்தது.
பரிசல்காரன் அறுநூறு கேட்டான்.
என் பையில் எடைச்சீட்டுகள் மட்டும்.
வைக்கோல் லாரி மீராசா பக்கத்தில் நின்றிருந்தார்,
மடித்துக் கட்டிய லுங்கி, முழங்கால்வரை ஈரம்.
ஒன்றும் கேட்காமல் எண்ணிக் கொடுத்தார்.

விழித்தபோது கால் காய்ந்திருந்தது.
கடன் காயவில்லை.

கேமராவை ஓட்டிப் பார்த்தேன்.
இருக்கிறேன்,
பதினோரு நிமிடமும் நாற்காலியிலேயே இருக்கிறேன்,
வாய் லேசாகத் திறந்து.

சொசைட்டியில் நாற்பதாயிரம் பாக்கி.
அதற்காக ஒருநாளும் இப்படிக் கூசியதில்லை.
சனிக்கிழமை மீராசா வண்டி வந்தபோது
முகம் பார்க்காமல் சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
தலைமறைவுக்காரன் போல
கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் குனிந்திருந்தேன்.

மனைவி சிரிப்பாள் என்றுதான் சொன்னேன்.
தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
"நான் கனவுல வந்து திட்டுனேன்னு
மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்களே,
அது மட்டும் நெசமாக்கும்?
குடுத்துட்டு வாங்க போங்க."

திங்கள் விடியற்காலை.
எட்டு டன் நானூற்று இருபது.
வைக்கோல் மணம் அறைக்குள் வந்துவிட்டது.
சீட்டோடு சேர்த்து அறுநூறு ரூபாயை நீட்டினேன்.
காரணம் கேட்டால் சொல்ல
கதை ஒன்று தைத்து வைத்திருந்தேன்,
டீசல், பழைய பாக்கி, அவருடைய மச்சான் என்று.
அவர் கேட்கவில்லை.
விரலில் எச்சில் தொட்டு எண்ணினார்.
மறுபடியும் எண்ணினார்.
"எழுநூறுல்ல குடுத்தேன், சென்னியப்பா?
திரும்பி வர்றதுக்குன்னு
நூறு ரூபா தனியா வாங்குனியே."

டீக்கு வைத்திருந்த நூறைக் கொடுத்தேன்.
வண்டி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனது,
தார்ச்சாலையில் வைக்கோல் துரும்பு சிந்திக்கொண்டு.

பரிசலில் ஏறியது ஞாபகம் இருக்கிறது.
தோல் அடிவயிற்றில் தண்ணீர் தட்டிய சத்தம்,
அக்கரையில் யாரோ விளக்கைத் தூக்கிக் காட்டியது,
எல்லாம் இருக்கிறது.
திரும்பி வந்தது இல்லை.

மேடை காலி.
சிவப்பு எண் பத்து என்றது.
பூஜ்யம் என்றது. மறுபடி பத்து.
காற்றுதான் என்று வெளியே வந்து பார்த்தேன்.
எதிர்ப் பனையில் ஓர் ஓலை அசையவில்லை.

அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.