பொத்தான்கள்

ஞாயிறு காணிக்கைத் தட்டில்
இருபத்தொரு பொத்தான்கள்.
ஒரு ரூபாய்கூட இல்லை.

இனி சவ வண்டி ஒன்றே,
எந்தத் தெருப் பிணமானாலும் அதில்தான் என்று
போன வாரம் பிரசங்கத்தில் சொன்னேன்.
கடலூர் முதுநகரின் மேலத்தெரு
பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

சவரிராயலு புதுச்சேரிக்கு
ஐந்து பக்க மனு அனுப்பியிருக்கிறார்.
"நல்ல சாமிதான், ஊர் வழக்கம் தெரியாது."
அந்த 'நல்ல'தான் உறுத்துகிறது.

இரண்டாம் வண்டியின் அச்சாணி
உப்பனாற்றுக் காற்றில் துருவேறிக் கிடந்தது.
சுத்தியலை நானே எடுத்தேன்.
இரவில் ஓட்டின் மேல் கல் விழுந்தபோது
செபமாலையைத் தேடவில்லை,
தாழ்ப்பாளைத் தேடினேன்.

புதன்கிழமை கீழத்தெரு எஸ்தாக்கியம்மாள்
ஒற்றை வண்டியில் போனாள்,
மேலத்தெரு வழியாக.
சாத்திய கதவுகள், சாத்திய கதவுகள்,
ஒரு சன்னலில் மட்டும்
சிலுவை வரைந்துகொண்ட கை.
யார் வீடென்று
இங்கே எழுதமாட்டேன்.

என் அங்கியில் மூன்றாவது பொத்தான்
உயிர்ப்பு ஞாயிறிலிருந்தே இல்லை.
தட்டைக் கிளறினேன்.
வெள்ளையில் ஒன்று, நாலு துளை,
அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.

ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டுக்
கணக்கேட்டில் எழுதினேன்:
வரவு, பொத்தான், இருபது.