முதுகுகளுக்கு

அறை விழுவது ஒரு தடவைதான்.
எடிட்டர் அதை மூன்றாக்கி அனுப்பியிருக்கிறார்:
மாமியாரின் வளையல், மருமகளின் கன்னம்,
மாடிப்படியில் நிற்கும் கொழுந்தனின் கண்.
மூன்றுக்கும் மூன்று இடி வேண்டும்.
விடிகாலை ஐந்துக்குள் வேண்டும்.
இது ஆயிரத்து நூற்றுப் பதினேழாவது எபிசோட்.

மாலாடில் என் ஸ்டூடியோவுக்கு ஜன்னல் கிடையாது.
கீழே மீன் மார்க்கெட்.
மைக் போட்டால் ஏசியை அணைக்க வேண்டும்.
அணைத்த ஐந்தாம் நிமிடம்
படியேறி வந்துவிடும் பொம்பில் வாசம்.
என் நாயகிகள் எல்லோரும்
கொஞ்சம் அவசரமாகவே அழுதிருக்கிறார்கள்.

அவர்களின் அழுகை
மொயினுத்தீன் சாகிப்பின் சாரங்கி.
பத்து வருஷம் முன்னால் ஒரு மணி நேரம் வாசித்தார்.
அன்று அவருக்கு ஜலதோஷம்.
ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
மூக்கை உறிஞ்சினார்.
வெட்டி எடுக்க மறந்துவிட்டேன்.
மறுநாள் சேனலிலிருந்து போன்:
அந்த இடம் உயிரோடு இருக்கிறதாம்.
அதற்குப் பிறகு ஆறு விதவைகள், இரண்டு கருச்சிதைவு,
ஒரு போலி உயில்
எல்லாவற்றுக்கும் அந்த மூக்குதான்.
கொடுத்தது அந்த ஒரு மணி நேரத்துக்கான காசு மட்டும்.
பேரன் கல்யாணத்தில் அவரிடம் சொன்னேன்.
சிரித்தார்.
பிறகு பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டே
எத்தனை தடவை என்று கேட்டார்.
குறைத்துச் சொன்னேன்.

என் முழுப்பெயர் தில்லைநாயகி.
டைட்டிலில் இடம் போதவில்லை என்று
டி. நாயக் ஆக்கினார்கள்.
நாயக் சாரைப் பார்க்க வந்தவர்கள்
என்னிடமே தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறார்கள்.
நானும் கொடுத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த வாரம் பாண்ட்யா சொன்னார்:
"படத்தைப் பார்த்து வாசிக்காதீங்க, மேடம்.
யாரும் படத்தைப் பார்க்கிறதில்லை.
ஒன்பது மணிக்கு இந்த நாடே
சப்பாத்தி தேய்த்துக்கொண்டு நிற்கிறது.
அந்த முதுகைத் திருப்பணும்.
அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.
முதுகுகளுக்கு இசையமைக்கிறவள் நான்.

ஒரே ஒரு சினிமா வந்தது.
நாற்பது நிமிடம் எழுதினேன், நிஜ வயலின்கள் வைத்து.
மிக்ஸிங்கில் அந்தப் பையன்
ஒவ்வொன்றாக இறக்கினான்.
இறக்க இறக்கப் படம் நன்றாகிக்கொண்டே வந்தது.
அது அவனுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.
கடைசியில் மிஞ்சியது நாலு நிமிடம்,
யாரோ லிஃப்டில் ஏறுகிற காட்சி.
பணத்தை மட்டும் முழுசாகக் கொடுத்துவிட்டான்.
பாதியை வெட்டியிருந்தால்
சண்டையாவது போட்டிருக்கலாம்.

போன வியாழக்கிழமை வீட்டில் இருந்தேன்.
எதிர் விங்கில் நாலாவது மாடி,
கம்பிக்குப் பின்னால் ஒரு சமையலறை.
அவள் பெயர் தெரியாது, பச்சை நைட்டி தெரியும்.
ஒன்பது இருபத்திரண்டு.
என் இடி அவள் வீட்டு டிவியிலிருந்து
துணி காயும் கொடிகளைத் தாண்டி
கொஞ்சம் நைந்துபோய் என்னிடம் வந்தது.

உருளுகிற கட்டை நின்றது.
திரும்பினாள்.
மாவு ஒட்டாத புறங்கையால் முடியை ஒதுக்கினாள்.
திரையைப் பார்த்து என்னவோ சொன்னாள்,
சொந்தத் தங்கையைத் திட்டுவது மாதிரி.
இருபது வருஷத்தில்
நான் நேரில் பார்த்த முதல் முதுகு.
நெஞ்சு அடித்துக்கொண்டது, கூச்சமாக இருந்தது,
பால்கனி விளக்கை அணைத்தேன்.

இரண்டாவது இடிக்கு அவள் திரும்பவில்லை.
மூன்றாவதுக்கும் இல்லை.
கட்டை உருண்டது, சப்பாத்தி வட்டமாக வந்தது.

இப்போது நாலு நாற்பது.
வளையலுக்கு மட்டும் இடி வைத்திருக்கிறேன்.
கன்னத்துக்கு ஒன்றுமில்லை.
கொழுந்தனின் கண்ணில்
செட்டில் யாரோ அணைக்க மறந்த
மின்விசிறியின் சத்தம்.

ஃபைல் ஏறுகிறது, எழுபது சதவீதம்.
கீழே ஐஸ் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.
பாண்ட்யா கூப்பிடுவார், மற்ற இரண்டும் எங்கே என்று.
இதோ, பத்தே நிமிடம் என்பேன்.
இன்னொரு ஃபோல்டரில்
தயாராகத்தான் வைத்திருக்கிறேன்.